கவிழ்த்து வைத்த தாள்

ஆகஸ்ட் 18, வெள்ளி

இந்த டைரி கல்லூரி கொடுத்தது. துறைத் தலைவர்களுக்குத் தோல் அட்டை, மற்றவர்களுக்கு ரெக்சின். அடுத்த ஜனவரியில் எனக்கும் தோல் அட்டை வரும் என்று இருந்தேன். ஜூன் மாதம் ஞானதிரவியத்தை இயற்பியல் துறைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். என்னிடம் படித்த பையன். என் இருபத்தேழு வருடப் பணிமூப்பை ஒரு பக்க ஆணையில் தாண்டிவிட்டான். மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே அன்றிலிருந்து இதில் எழுதி வருகிறேன்.

இன்றைய தாள்: "மாவு தீந்துட்டு. சாயந்திரம் கிரைண்டர் ரிப்பேர் பண்ண ஆள் வரும். வீட்டில் இருக்கவும்."

கீழே "சரி" என்று எழுதி வைத்தேன்.

தாள் என்பது தினசரி நாள்காட்டியின் தாள். என் மனைவி வடிவு காலையில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதி, என் காப்பி டம்ளருக்குக் கீழே வைப்பாள். நான் பதில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைப்பேன். நான்கு வருடமாக இப்படித்தான். அவளுடைய தம்பி, குற்றாலம் என்று பெயர், பெருமாள்புரத்தில் வீடு கட்டி, புதுமனை புகுவிழாப் பத்திரிகையை எங்களுக்குத் தபாலில் அனுப்பினான். ஒரே ஊர். கூடப் பிறந்த அக்காள் வீடு. தாம்பூலத் தட்டோடு வந்து கையில் கொடுத்திருக்க வேண்டியதை ஒரு தபால்தலை ஒட்டி அனுப்பினான். போகக் கூடாது என்றேன். வடிவு போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

எங்கள் தாள்களில் "நீங்கள்" கிடையாது. "வாங்கவும்", "இருக்கவும்", "பார்க்கவும்". அரசு அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும்.


ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு மஸ்கட்டிலிருந்து உமையாள் வீடியோவில் கூப்பிட்டாள். மகள் முன்னால் நாங்கள் பேசிக்கொள்வோம். வேறு யாராவது வீட்டுக்கு வந்தாலும் பேசிக்கொள்வோம். ஆள் போனதும் நிறுத்திவிடுவோம்.

"அம்மா, ஏன் இப்படி எளைச்சிட்ட?" என்றாள் உமையாள்.

"வெயிலு" என்றாள் வடிவு.

"சரியா சாப்பிடுதது இல்ல" என்று நான் சொன்னேன். உண்மையில் அவள் சாப்பிடுகிறாளா என்று பார்த்து வெகு நாளாயிற்று.

அழைப்பு முடிந்த பின்பும் வடிவு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன்.


ஆகஸ்ட் 21, திங்கள்

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆய்வுக்கூட வகுப்பு. முப்பட்டகச் சோதனை. அறையை இருட்டாக்கியிருந்தோம். வாசலில் குற்றாலம் வந்து நின்றான். நான்கு வருடத்துக்குப் பிறகு.

"அத்தான், ஒரு நிமிசம் வெளிய வாங்க."

"லேப் நடக்கு."

"முடியட்டும். நிக்கேன்."

நிற்கட்டும் என்று விட்டேன். ஒரு பையன் கோண அளவைத் தப்பாகப் படித்தான். அவனை மூன்று முறை படிக்கவைத்தேன். சமாதானம் பேச வந்திருக்கிறான், வெயிலில் நிற்கட்டும் என்றே நினைத்தேன். இருபது நிமிடம் இருக்கும். இதை எழுதத்தான் வேண்டும்: நான் மெதுவாகத்தான் வெளியே போனேன்.

அவன் கையில் ஆஸ்பத்திரிக் கோப்பு இருந்தது.

"அக்காவுக்கு நெஞ்சுல கட்டி. ஊசி போட்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தோம். ரிப்போர்ட் வந்துட்டு. கேன்சர்னு சொல்லுதாவ."

அவன் சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னேன்னுதான் அக்கா சொல்லுதா. ஜூன்லயே எழுதி வச்சாளாம். நீங்க ஒண்ணும் சொல்லலியாம். போன வாரம் எங்க வீட்டுக்கு வந்து அழுதா. அதுக்கப்புறம்தான் நான் கூட்டிட்டுப் போனேன்."

எழுதவில்லை. அப்படி ஒரு தாள் வரவே இல்லை. நான்கு வருடத்தில் நான் பதில் எழுதாத தாள் ஒன்றுகூடக் கிடையாது. தம்பியிடம் முதலில் ஓடியதை மறைக்க வடிவு சொல்லியிருக்கும் பொய் அது.


ஆகஸ்ட் 22, செவ்வாய்

அவள் காப்பி வைத்தாள். டம்ளருக்குக் கீழே தாள் இல்லை. நானும் எழுதவில்லை.

கோப்பை இரண்டு முறை படித்தேன். இடது மார்பு. இரண்டு புள்ளி எட்டு சென்டிமீட்டர். ஒரு தசம இடத்துக்குத் துல்லியம்.


ஆகஸ்ட் 24, வியாழன்

குற்றாலத்தின் காரில் போனோம். வடிவு முன்னால், நான் பின்னால்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். மதுரைப் பக்கத்துப் பேச்சு. கட்டி எப்போது தெரிந்தது என்று கேட்டார்.

"ஜூன் கடைசியில."

"ரெண்டு மாசமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

வடிவு என் பக்கம் திரும்பினாள். நான் சொல்வேனோ என்று ஒரு கணம் காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"வீட்டு வேலை" என்றாள்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அறுவைச் சிகிச்சை. இரண்டாம் கட்டமாக இருக்கலாம், எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றார். குணப்படுத்தக்கூடியது என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார். எண்ணிக்கொண்டேன்.


ஆகஸ்ட் 27, ஞாயிறு

உமையாளுக்குச் சொன்னோம். அழுதாள். அக்டோபரில் வருகிறாள்.

மதியம், கல்லூரி நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகத்தை எடுத்தேன். நட்சத்திர ஒளியைப் பற்றியது. ஜூனில் தொடங்கி நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விட்டது. அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நாள்காட்டித் தாள் இருந்தது. ஜூன் 26. தேதியின் மேல் காப்பி டம்ளரின் வட்டம்.

திருப்பினேன்.

"இடது பக்க மார்பில் கட்டி மாதிரி தட்டுப்படுது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. டாக்டரைப் பாக்கணும். தனியா போகப் பயமா இருக்கு. நீங்க கூட வாரியளா."

இப்போது எல்லாம் நினைவு வருகிறது. ஜூன் 27, காலை. முந்தின நாள்தான் ஞானதிரவியத்தின் ஆணை வந்திருந்தது. டம்ளரை எடுத்தேன். கீழே தாள், தேதிப் பக்கம் மேலே தெரிந்தது. எழுத்து எப்போதும் மேலே இருக்கும்படித்தான் வைப்பாள். ஆகவே இன்று ஒன்றும் எழுதவில்லை, வெறும் தாள் என்று எடுத்துப் புத்தகத்தில் செருகினேன்.

அவள் ஏன் கவிழ்த்து வைத்தாள் என்பதற்கு யோசிக்கவே தேவையில்லை. வீட்டு வேலைக்கு வரும் பேச்சியம்மா எட்டாவது வரை படித்தவள். எங்கள் தாள்களை ஒன்றுவிடாமல் வாசிப்பவள். இதை அவள் வாசித்துவிடக் கூடாது என்று கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

நான்கு வருடத்தில் முதல் "நீங்க".


ஆகஸ்ட் 28, திங்கள்

கிரைண்டர் மறுபடியும் நின்றுவிட்டது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.


ஆகஸ்ட் 31, வியாழன்

சொல்லாமலும் இருக்கலாம். தாள் எங்கோ தொலைந்தது என்று இருந்துவிடலாம். ஆனால் படித்துவிட்டுப் பேசாமல் இருந்த மனிதன் என்று நினைத்துக்கொண்டே அவள் மயக்க மருந்துக்குள் போவாள். அதற்குப் பிறகு எப்போது சொன்னாலும் சொன்னதாகாது.

இரண்டு முறை அடுக்களை வாசல் வரை போனேன். முதல் முறை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறையும் அப்படியே.


செப்டம்பர் 4, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். இன்று மதியம் அறையில் சேர்த்தாயிற்று. குற்றாலம் தலையணை எடுத்துவர வீட்டுக்குப் போனான். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"வடிவு" என்றேன்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். யாரோ வந்திருக்கிறார்கள், அவர்கள் முன்னால்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். வாசலில் யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

தாளை நீட்டினேன்.

"புத்தகத்துல இருந்துது. அடையாளத்துக்கு வச்சிருந்தேன். திருப்பிப் பாக்கல."

வேறு யாரோ எழுதியதைப் போல நிதானமாக வாசித்தாள்.

"படிக்கலியா?"

"படிக்கல. கவுத்து வச்சிருந்த. வெறும் தாள்னு நெனச்சிட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து அறையில் யாரோ தேங்காய்ச் சட்னி புளித்துவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"படிச்சிட்டு, காப்பியையும் குடிச்சிட்டு, டம்ளரைக் களுவிக் கமத்தி வச்சிட்டுப் போயிட்டியன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா அதத்தான் நெனச்சிட்டிருந்தேன். கட்டி வலிக்கவே இல்ல. இதுதான் வலிச்சுது."

சொல்ல இருந்ததெல்லாம் எனக்குச் சாதகமாகவே இருந்தது.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நானும்" என்றாள் அவளே. "அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்தா கேக்கத் தோணுமா? ஞானதிரவியம், ஞானதிரவியம்னு சொவரப் பாத்துப் பொலம்பிட்டிருந்திய."

"சத்தமாவா பொலம்பினேன்?"

"பேச்சியம்மாவுக்கே அவன் பேரு மனப்பாடம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அழுக்கு எதுவும் இல்லை.

குற்றாலம் தலையணையோடு வந்தான். நாங்கள் பேச்சை நிறுத்தினோம். நான்கு வருடமாக ஆள் போனால்தான் நிறுத்துவோம்.


செப்டம்பர் 5, செவ்வாய்

மூன்று மணி நேரம் இருபது நிமிடம். குற்றாலம் இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தான். இரண்டு முறையும் வாங்கிக் குடித்தேன்.

நல்லபடியாக முடிந்தது.


செப்டம்பர் 9, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்குகிறது. அதன் முனையில் உள்ள குப்பியில் நீர் சேரும். தினமும் அளந்து எழுத வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே நர்சம்மா எனக்குக் கற்றுக்கொடுக்க வந்தார். திரவத்தின் கீழ்வளைவு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று நான் அவருக்குச் சொன்னேன். இருபத்தேழு வருடமாகப் பையன்களிடம் கத்தியது கடைசியில் ஒரு காரியத்துக்கு உதவுகிறது.

தொண்ணூறு மில்லி. எழுபத்தைந்து. இன்று ஐம்பத்தெட்டு.

ஒரு எண் குறைவதைப் பார்த்து நான் இப்படி மகிழ்ந்ததில்லை.


செப்டம்பர் 12, செவ்வாய்

இடது கையைத் தூக்க முடியாததால் வடிவுக்குத் தலை பின்ன முடியவில்லை. நான் பின்னினேன். மூன்று புரி, மாறி மாறி. கேட்கச் சுலபமாக இருக்கிறது.

"என்ன அத்தான் இது, கயித்துக் கட்டிலு மாதிரி இருக்கு" என்றான் குற்றாலம், காய்கறிப் பையை இறக்கி வைத்துக்கொண்டே.

"பேசாத. இந்த வயசுல ஒருத்தர் படிக்காவ" என்றாள் வடிவு.

அவிழ்த்து மறுபடி பின்னினேன். நரை இவ்வளவு இருப்பதை இன்றுதான் பார்த்தேன். எனக்குத் தெரியாமலேயே வந்திருக்கிறது.


செப்டம்பர் 16, சனி

பரிசோதனை முடிவு. அக்குளிலிருந்து எடுத்த பதினாறு நிணநீர்க் கணுக்களில் ஒன்றில் மட்டும் நோய் இருந்தது. இரண்டாம் கட்டம்தான். மருந்து ஏற்ற வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒன்று, பிறகு கதிர் சிகிச்சை.

வடிவு வெளியே போன பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஜூன்லயே வந்திருந்தா அந்த ஒண்ணும் இருந்திருக்காதோ?"

அவர் பேனாவை மூடினார். "அதுக்கு என்கிட்ட பதில் இல்ல சார். யாருகிட்டயும் இருக்காது. இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா நாம வேற பேச்சு பேசிக்கிட்டிருப்போம். அது மட்டும் தெரியும்."

படியிறங்கும்போது அந்த இரண்டு மாதத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். போன இரண்டு மாதம் என் கையால் போனது. வரவிருந்த இரண்டு மாதம் குற்றாலத்தால் மிச்சம். நான் இருபது நிமிடம் வெயிலில் நிறுத்திவைத்த ஆள்.

கீழே காரில் முன்கதவைத் திறந்து வைத்திருந்தான். வடிவு பின்னால் சாய்ந்து படுத்துக்கொள்ளட்டும், நான் முன்னால் உட்கார வேண்டும் என்றான். உட்கார்ந்தேன். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். "பாளை பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டமா இருக்கும், வேற வழியா போ" என்றுதான் வந்தது.


அக்டோபர் 3, செவ்வாய்

முதல் மருந்து. நான்கு மணி நேரம் சொட்டியது. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணினேன். நர்சம்மா ஒரு தடவை சரிசெய்துவிட்டுப் போன பிறகு மறுபடி எண்ணினேன்.

"எண்ணுதத நிறுத்துங்க. அது பாட்டுக்கு எறங்கும்" என்றாள் வடிவு. கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். ஒரு கையால் எண்ண முடியவில்லை.


அக்டோபர் 6, வெள்ளி

ரசம் வைத்தேன். வாந்தி. மறுபடி வைத்தேன், பெருங்காயம் இல்லாமல். நின்றது.

கல்லூரியில் புதிய கால அட்டவணை ஒட்டியிருந்தார்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் எனக்கு வகுப்பு இல்லை. அந்த வகுப்புகளுக்கு நேரே ஞானதிரவியத்தின் பெயர். நான் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், மாணவனாக இருந்தபோது நிற்பது போல.

அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் அந்தச் செவ்வாய், புதன்களை வாங்கிக்கொண்டேன். "நல்லது" என்றேன். இந்த வருடம் நான் அவனிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது.


அக்டோபர் 19, வியாழன்

தலைமுடி கொட்டுகிறது. பின்னக் கற்றுக்கொண்டது வீணாயிற்று என்றேன்.

"திரும்ப மொளைக்கும். மறந்துராதிய" என்றாள்.

உமையாள் வந்திருக்கிறாள். எங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறாள். "என்னப்பா, நான் இல்லாதப்பவும் இப்படித்தான் பேசிக்கிறீங்களா?" என்றாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.


அக்டோபர் 29, ஞாயிறு

வடிவுக்கு இன்று உடம்பு தெளிவு. "தம்பி வீட்டுக்குப் போவோமா?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

போனோம். நான்கு வருடமாகச் சுற்றிப்போன தெரு. நல்ல வீடுதான். மாடிப்படியின் கைப்பிடி மட்டும் சற்றுத் தாழ்வு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. கோபத்தில் வெளியே நிற்பதே பழக்கமாகிவிட்டது போலும்.

குற்றாலம் என்னைப் பார்த்தான். "ஒரு நிமிசம் அங்கேயே நில்லுங்க அத்தான்" என்று உள்ளே போனான். வரும்போது கையில் எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், நடுவில் ஓரம் மஞ்சளேறிய ஒரு பத்திரிகை. நான்கு வருடத்துக்கு முந்தின புதுமனை புகுவிழா.

அவன் பெண்டாட்டியும் பின்னால் வந்து நின்றாள். இருவருமாகத் தட்டை நீட்டினார்கள்.

"அத்தான், அக்காவோட கண்டிப்பா வந்துரணும். தேதியப் பாக்காதிய."

"தபால்ல அனுப்புனது தப்புதான்" என்றேன்.

"தப்புதான்" என்றான் அவன். "அன்னைக்கு வேல நெருக்கடி. அத்தான்தான, ஒண்ணும் நெனைக்க மாட்டாவன்னு நெனச்சேன். ஆளத் தெரியாம நெனச்சிட்டேன்."

வடிவு விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதல, தையல் போட்ட எடம் இழுக்கு" என்றாள். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"லேப் வாசல்ல உன்ன நிக்க வச்சேன்" என்றேன். "தெரிஞ்சேதான் நிக்க வச்சேன்."

"தெரியும் அத்தான். கதவு இடுக்குல பாத்துட்டுத்தான இருந்தேன். அந்தப் பையன் பாவம்."

"நீ போகாம நின்னியே."

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவனுக்குப் போதுமாக இருந்தது. "வலது காலை எடுத்து வச்சு வாங்க" என்றான்.


நவம்பர் 2, வியாழன்

இரண்டாவது மருந்துக்குப் பின் ரத்தப் பரிசோதனை. எண்கள் நன்றாக இருக்கின்றன. கிரைண்டர் ஓடுகிறது. நூலகத்துக்கு அபராதத்தோடு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன், நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் தாண்டாமலே.


நவம்பர் 5, ஞாயிறு

இப்போதெல்லாம் தாள் வைப்பதில்லை. தேவைப்பட்டதை வாயால் சொல்லிக்கொள்கிறோம். சில சமயம் தேவைக்கு அதிகமாகவே.

இன்று காலை காப்பி டம்ளருக்குக் கீழே ஒரு தாள் இருந்தது. தேதிப் பக்கம் மேலே.

டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தேன். தாளைத் திருப்பினேன்.

ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எதுவும் இல்லை.

அடுக்களை வாசலில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வடிவு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"ஒண்ணும் இல்ல. சும்மாதான் வச்சேன்" என்றாள். "காப்பி ஆறுது பாருங்க."